வெளுத்த கடல்பாசி

— அதெல்லாம் கிடக்கட்டும் வே, வேதமுத்து. அதுக்கு ரத்தம் உண்டா இல்லையா? அதை மட்டும் சொல்லும்.

— எதுக்கு ரத்தம், பிள்ளைவாள்?

— எதுக்கா? எம் பொண்டாட்டிக்கு மருந்துன்னு சாக்குல கட்டி அனுப்பினீரே, அந்தக் கடல்பாசிக்கு.

— பொறும், பொறும். வந்தவனை முதல்ல உக்காரச் சொல்லும். பாளையங்கோட்டையில இருந்து ஆத்துப் பாலத்தைத் தாண்டி, இந்தத் தச்சநல்லூர் வரைக்கும் வேகு வேகுன்னு நடந்து வந்திருக்கேன். பள்ளிக்கூடத்துல பாதிப் பாடத்தை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன். எதுக்கு? நாயகியம்மாவுக்கு மாலைக்கண்ணு போயிட்டுன்னு நீரு ஆள்கிட்டச் சொல்லி விட்டதுக்கு. நெசமாவே போயிட்டா?

— போயிட்டு.

— சாயங்காலம் கண்ணு தெரியுதா?

— தெரியுது வே. நேத்து விளக்கு வைக்கதுக்கு முன்னால, அந்த மங்கல்ல உக்காந்து பிச்சிப்பூ தொடுக்கா. போன தை மாசம் இலையில விடவேண்டிய குழம்பை என் தொடையில விட்டவ!

— ஸ்தோத்திரம்! நான் சொன்னேன்லா? சொன்னேன்லா? ஒருத்தனும் நம்பல. எங்க பள்ளிக்கூடத்துல அத்தனை பேரும் சிரிச்சானுவ. ‘வேதமுத்து சாருக்குக் கடல்காத்து அடிச்சுட்டு’ன்னானுவ. இப்ப மெட்ராஸ் பத்திரிகைக்கே எழுதப் போறேன் பாரும்.

— நீரு எங்க வேணாலும் எழுதும். ரத்தம் உண்டா இல்லையா?

— அட, என்ன வே இது, சும்மா ரத்தம் ரத்தம்னுட்டு! அது செடி வே.

— செடின்னா வேர் எங்க?

— வேர் கிடையாது. பாறையைச் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

— பூ?

— பூவும் கிடையாது.

— விதை?

— விதைன்னு... அதை அப்படிச் சொல்ல முடியாது பிள்ளைவாள்.

— வேர் இல்ல, பூ இல்ல, விதை இல்ல. பாறையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அப்ப நத்தை என்ன வே பண்ணுது? சிப்பி என்ன பண்ணுது? அதுவும் பாறையைத்தான பிடிச்சுக்கிட்டு நிக்கு?

— குழப்பாதியும் வே!

— நானா குழப்புதேன்? வெள்ளிக்கிழமை இவளுக்குச் சீமந்தம். எட்டு மாசம் நடக்கு. ஆழ்வார்திருநகரியில இருந்து இவ அம்மா வீட்டுச் சனம் பூரா வருது. எங்களுக்குத் தீட்சை குடுத்த தேசிகர் வந்து உக்காருவாரு. அம்மையப்பன் முன்னால இவ மனையில ஏறணும். நான் என்ன சொல்லி ஏத்துவேன்? உள்ள போனது கீரைன்னு சொல்லி ஏத்தவா, மாமிசம்னு சொல்லி நிறுத்தவா? உறக்கம் வரல வே எனக்கு. சோறு இறங்கல.

— இத்தனை சந்தேகம் இருக்கவரு பின்ன எதுக்குக் குடுத்தீரு?

— அன்னைக்கு அவ விழுந்ததை நீரு பாக்கல. விளக்கு வைக்குற நேரம். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவ தொழுவத்துப் படி தெரியாம முகங்குப்புற விழுந்தா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ‘அத்தான், பிள்ளை அசையுதான்னு பாருங்க, பிள்ளை அசையுதான்னு பாருங்க’ன்னு அழுதா. முதல் பிள்ளை எங்களுக்கு வயித்துலயே தங்கல. உமக்குத் தெரியும். அன்னைக்கு நீரு கல்லைக் குடுன்னு சொல்லியிருந்தாலும் அரைச்சுக் குடுத்திருப்பேன்.

— தெரியும் பிள்ளைவாள். தெரிஞ்சுதான நானும் காயல்பட்டணம் வரைக்கும் ஆள் விட்டேன்.

— டாக்டர் துரைகிட்டயும் கொண்டுதான போனேன்? அந்த மனுஷன் பார்த்தாரு, ‘ஆட்டு ஈரல் குடு, இல்லைன்னா மீனெண்ணெய் குடு, சீக்கிரம் தெளிஞ்சிரும், இல்லைன்னா கண்ணு மொத்தமா போனாலும் போயிரும்’ன்னாரு. நான் என்ன சொன்னேன்? ‘எங்க வீட்டுப் பொம்பளை செத்தாலும் அதைத் தொடமாட்டா’ன்னு நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். துரை அசந்து போயிட்டாரு.

— நாயகியம்மா என்ன சொன்னாங்க?

— அவ வில்வண்டிக்குள்ள திரைக்குப் பின்னால இருந்தா. அவளை எதுக்கு வே கேக்கணும்?

— அதுவும் சரிதான்.

— அத்தான், மோர் வச்சிருக்கேன். கதவுக்கு இந்தப் பக்கம். வாத்தியாரய்யாவுக்கும் சேத்து எடுத்துக்கிடுங்க.

— எடுத்துக்கிடுதேன். நீ படியில நிக்காத. ஏளா நாயகி, பலகையைப் போட்டு உக்காரு.

— உக்காந்துதான் இருக்கேன் அத்தான். நீங்க பேசுங்க.

— நாயகியம்மா, சுகமா இருக்கியளா? கண்ணு நல்லா தெரியுதாமே?

— தெரியுது வாத்தியாரய்யா.

— அவகிட்டப் பொறவு பேசலாம். நீரு எனக்குச் சொல்லும். அந்தப் பாசியில இருக்க மருந்துக்குப் பேரு என்ன? அன்னைக்கும் சொன்னீரு. எனக்கு வாயில நுழையல.

— அதுக்கு இன்னும் ஒரு பேரு நிலைக்கல பிள்ளைவாள். ஒருத்தரு வைட்டமின்ங்கிறாரு. இன்னொருத்தரு ‘ஏ’ன்னு ஒரு எழுத்தைப் போட்டு நிறுத்திட்டாரு. அதைக் கண்ணால பார்த்தவன் எவனும் இல்ல.

— பார்த்தவன் இல்லையா? பின்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?

— எலியை வச்சுத்தான். கூண்டுல எலியைப் போட்டு வெறும் அரிசியும் மாவுமா குடுக்காவ. எலிக்குக் கண்ணு கெட்டுப் போகுது. மீனெண்ணெய் குடுத்தா தெளியுது. பச்சிலை குடுத்தாலும் தெளியுது.

— எலிக்குத் தெளிஞ்சா எம் பொண்டாட்டிக்குத் தெளியுமா?

— தெளிஞ்சிருக்கே வே!

— பச்சிலைன்னா நானும் குடுத்துப் பார்த்தேனே. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணி... வாசம் பட்டாலே குடல் வெளிய வார மாதிரி வாந்தி எடுக்கா. பால் குடுத்தா அதுவும் தங்கல.

— அதனாலதான் நான் யோசிச்சேன். மீனெண்ணெயில மருந்து இருக்கு. சரி, மீனுக்கு அது எங்க இருந்து வந்துச்சு? மீன் என்ன ஆஸ்பத்திரிக்கா போகுது? கடல்ல பெரிய மீன் சின்ன மீனைத் திங்குது. சின்ன மீன் பாசியைத் திங்குது. அப்ப அந்த மருந்து முதல்ல பாசியிலதான இருக்கணும்? மீனைத் தொடாம நேரா பாசியில கை வச்சா உம்ம சைவத்துக்கும் கேடு இல்ல, கண்ணுக்கும் கேடு இல்ல. இதுதான் என் கணக்கு.

— நல்லா இருக்கு வே உம்ம கணக்கு! மாடு புல்லைத் திங்குது, பால் தருது. அதுக்காக எங்க வீட்டுல புல்லை அவிச்சுத் தின்னுட்டுக் கிடக்கவா?

— சிரிக்காதியும். பாசியில எவ்வளவு இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்துச் சொல்லல. காயல்பட்டணத்துல இருந்து பாசி அனுப்பின அகமது மீரான் மரைக்காயர் வீட்டுல நோன்பு மாசத்துல பால் ஊத்திக் காய்ச்சித் திங்குற சிவப்புப் பாசியும் உண்டு. கரையில சும்மா ஒதுங்கிக் கிடக்கும், யாரும் தின்னாத கருப்புப் பாசியும் உண்டு. எதுல இருக்குன்னு தெரியாதுல்லா? அதான் ரெண்டையும் கலந்து அனுப்பச் சொன்னேன்.

— அந்தக் கருப்புப் பாசியை அவங்க ஊர்ல தென்னைக்கு உரமா போடுதாவளாம். வண்டிக்காரன் சொன்னான்.

— அது உள்ளதுதான்...

— உரத்தையா வே எம் பொண்டாட்டிக்கு அனுப்பினீரு?

— நல்லதுன்னுதான அனுப்பினேன்!

— அதை அப்படியே தென்னைமூட்டுல கொட்டிட்டேன். சிவப்பை மட்டும்தான் வச்சுக்கிட்டேன். அங்கனதான வே வினை வந்துச்சு.

— என்ன வினை?

— கிணத்தடியில கொப்பரையில தண்ணி விட்டு அதை ஊறப் போட்டேன். அடுக்களைக்குள்ள விடல. அம்மாவுக்குத் தெரிஞ்சா வீடே இடிஞ்சு விழும். வெளியில, கிணத்தடியில. விடிஞ்சு போய்ப் பார்த்தா தண்ணி சிவந்து கிடக்கு! ஆட்டை அறுத்துக் கழுவின தண்ணி கணக்கா. ‘ரத்தம் ரத்தம்’னு அலறிட்டேன். நான் போட்ட சத்தத்துல அடுத்த வீட்டு நீலாம்பாள் மதிலுக்கு மேல தலையை நீட்டி ‘யாருக்கு ரத்தம்’ங்கா.

— தண்ணி சிவந்துச்சா?

— சிவந்துச்சுன்னா உம்ம வீட்டுச் சிவப்பு, எங்க வீட்டுச் சிவப்பு இல்ல. அப்படிச் சிவப்பு.

— இது... இது எனக்குத் தெரியாதே பிள்ளைவாள்.

— என்னது, தெரியாதா?

— நான் தண்ணியில போட்டுப் பார்க்கல. சாக்கோட வந்துச்சு, சாக்கோட உமக்கு அனுப்பிட்டேன்.

— நல்ல வாத்தியாரு வே நீரு! அப்ப அது ரத்தமாவும் இருக்கலாம்ங்கிறீரு?

— இல்ல இல்ல. செடிதான். செடியாத்தான் இருக்கணும். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு... பொறும், யோசிக்க விடும். பொறவு என்ன பண்ணினீரு? தூரக் கொட்டிட்டீரா?

— கொட்டத்தான் தூக்கினேன். மனசு வரல. அவ கண்ணு வே. கொப்பரையைத் தூக்கிக்கிட்டு நிக்கேன், அவ அந்தப் பக்கம் சுவரைத் தடவிக்கிட்டு வாரா. சரி, ரத்தம் போயிட்டுன்னா மிச்சம் சுத்தமாயிரும்லான்னு நெனச்சேன். சிவப்புத் தண்ணியைக் கொட்டினேன். நல்ல தண்ணி விட்டேன். அதுவும் சிவந்துச்சு. கொட்டினேன். தொழுவத்துக் கூரையில விரிச்சு வெயில்ல போட்டேன். பொறவும் ஊறப் போட்டேன், பொறவும் வெயில்ல போட்டேன். வண்ணான் துணி வெளுக்குற மாதிரி வெளுத்தேன் வே. கடைசியில தும்பைப்பூ கணக்கா வந்துட்டு. அதைத்தான் கஞ்சியில போட்டுக் காய்ச்சிக் குடுத்தோம். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். என் கையாலயே கழுவுவேன். ஒருத்தரையும் தொட விடமாட்டேன்.

— வெளுத்துட்டீரா?

— வெள்ளை வெளேர்னு.

— ஐயோ!

— என்ன ஐயோ?

— அந்த நிறத்துலதான வே விசயமே இருக்கு! இலை பச்சையா இருக்க வரைக்கும்தான் இலை. வைக்கோலாப் போனா அதுல என்ன இருக்கும்? அத்தனை தண்ணியில அலசி, அத்தனை வெயில்ல போட்டு... உள்ள இருந்ததெல்லாம் ஓடிப் போயிருக்குமே! நீரு குடுத்தது வெறும் சக்கை பிள்ளைவாள். சக்கை!

— சக்கையைத் தின்னா கண்ணு தெரிஞ்சுச்சு?

— அதான் எனக்கு விளங்கல. அவங்களுக்கு நெசமாவே தெரியுதா? உம்மைச் சமாதானப்படுத்தத் ‘தெரியுது தெரியுது’ன்னு சொல்லுதாங்களா?

— ஏன் வே, பொய்யா சொல்லுதா அவ?

— கோவிக்காதியும். இந்தா, வெயில் இறங்கிட்டு. இங்கனயே மங்கலாத்தான் இருக்கு. விளக்கு ஏத்தச் சொல்லாதியும், கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.

— விளக்கு வைக்குற நேரத்துல வீட்டை இருட்டா போடச் சொல்லுதீரு. வெள்ளிக்கிழமை சீமந்தத்தை வச்சுக்கிட்டு மூதேவியை வா வான்னு கூப்பிடச் சொல்லுதீரு.

— ஒரு நிமிசம் வே. நாயகியம்மா, கதவிடுக்கு வழியா இங்கன பாருங்க. என் கையில என்ன இருக்கு?

— குடை.

— குடைன்னு யாரும் சொல்லிரலாம். நான் வரும்போதே பார்த்திருப்பிய. குடையில என்ன இருக்கு?

— ஒரு கம்பி ஒடிஞ்சிருக்கு. கருப்பு நூலைச் சுத்தியிருக்கிய. நூலோட நுனி பிரிஞ்சு தொங்குது.

— பிரிஞ்சு தொங்குதா? எங்க? அட ஆமா! எனக்கே தெரியலையே! கண்ணாடியைப் போட்டுக்கிட்டும் தெரியல!

— வலது கைச் சட்டையில மை கொட்டியிருக்கு வாத்தியாரய்யா. வீட்டுல அக்கா பார்த்தா ஏசுவாங்க.

— போதும்மா, போதும். கண்ணு இருக்கு. என்னை விட நல்லாவே இருக்கு.

— நான் விளக்கை ஏத்தட்டுமா அத்தான்?

— ஏத்து, ஏத்து. பைய எழுந்திரி. திரி இழுத்து வச்சிருக்கேன்.

— பிள்ளைவாள், எனக்குத் தலை சுத்துது. கண்ணு வந்துட்டு. பாசியில ஒண்ணும் இல்ல. அப்ப எங்க இருந்து வந்துச்சு?

— நெல்லையப்பர் குடுத்தாரு.

— ஆண்டவர் குடுக்காம எதுவும் வராது, நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா எது வழியா குடுத்தாருன்னு பார்க்கணும்லா? ஈரல், மீனெண்ணெய், இலை. இதுல ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்கு. போகாம இது நடக்காது.

— என்ன சொன்னீரு?

— ஏதோ ஒண்ணு போயிருக்குன்னேன்.

— எங்க வீட்டுல ஈரலும் மீனெண்ணெயும் எப்படி வே போகும்? நாக்கை அடக்கிப் பேசும். இரும்... இரும் இரும். போன மாசம் உம்ம வீட்டம்மா ஞானசௌந்தரி இவளைப் பார்க்க வந்தாளே. கையில ஒரு போத்தலு இருந்துச்சு.

— ஓமத்தண்ணி வே அது! வயித்துக்கு நல்லதுன்னு கொண்டு வந்தா.

— கருப்புப் போத்தலு.

— எங்க வீட்டுல சும்மா கிடந்த போத்தலு அது ஒண்ணுதான்.

— அதுல முன்னால என்ன இருந்துச்சு?

— முன்னாலயா?

— ஏன் வே முழிக்கீரு? என்ன இருந்துச்சு?

— பிள்ளைகளுக்கு வாங்கின... மீனெண்ணெய்.

— சிவ சிவா!

— கழுவித்தான் வே ஊத்தியிருப்பா!

— எத்தனை தண்ணி விட்டுக் கழுவினா?

— அதை நான் பக்கத்துல நின்னு பார்த்தேனா?

— நான் பாசியைக் கழுவின கழுவுக்கு என் கையில தோல் உரிஞ்சு கிடக்கு. நீரு போத்தல்ல வச்சு மீனெண்ணெயை வீட்டுக்குள்ள விட்டிருக்கீரு! தெரிஞ்சு பண்ணினீரா, தெரியாம பண்ணினீரா? ஒரே பெஞ்சில உக்காந்து படிச்சோமே. உம்மைப் பந்தியில உக்கார வைக்கலைன்னு எங்க அம்மாகூட ஒரு மாசம் பேசாம இருந்தவன் வே நான்!

— என்னைப் பார்த்தா கேக்கீரு? வேதத்து மேல ஆணையா சொல்லுதேன், எனக்கு ஒண்ணும் தெரியாது! உம்ம சைவத்தைக் கெடுக்க நெனச்சிருந்தா நான் காயல்பட்டணத்துக்கு எதுக்கு ஆள் விடணும்? மீனெண்ணெய் எங்க வீட்டு அலமாரியிலயே இருக்கே. ஒரு கரண்டி கலந்துவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

— பாத்தீரா, கலக்கத் தெரியும்ங்கிறீரு!

— அத்தான், நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— இரு நாயகி, நீ குறுக்க வராத.

— அந்தப் போத்தலை நான் திறக்கவே இல்ல அத்தான். வாசமே பிடிக்கல. மச்சுல வச்சது வச்சபடி இருக்கு. வேணும்னா ஏறிப் பாருங்க.

— திறக்கலையா?

— மெழுகு கூட உடையல.

— கேட்டீரா வே? திறக்கல!

— கேட்டேன். நீரும் கேட்டுக்கிடும். எவ்வளவு பேச்சுப் பேசிட்டீரு!

— மன்னிச்சுக்கிடும். உறக்கம் இல்லாதவன் பேச்சு. அப்ப... அதுவும் இல்லையா?

— அதுவும் இல்ல.

— பாசியும் இல்ல, போத்தலும் இல்ல. பின்ன எது வே?

— எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு. சரி, முதல்ல இருந்து வருவோம். அரைச் சாக்கு வந்துச்சு. இப்ப எவ்வளவு மிச்சம் இருக்கு?

— தீரப் போகுது. வெளுத்தது பாதிதான் இருக்கும். மீதியைக் காக்கா தூக்கிட்டுப் போயிட்டு.

— காக்காவா?

— சாக்கைத் தொழுவத்துலதான் தொங்க விட்டிருந்தேன். நான் மத்தியானம் செத்த கண்ணயர்ந்து எழுந்திரிச்சுப் போனா தினமும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.

— காக்கா கடல்பாசியைத் திங்குமா பிள்ளைவாள்?

— தச்சநல்லூர் காக்கா எதையும் திங்கும் வே.

— கட்டின சாக்குக்குள்ள இருந்து?

— இப்ப காக்காவைப் பத்தி என்ன ஆராய்ச்சி? ஏளா நாயகி, நீதான அன்னைக்குக் காக்கா கொத்துதுன்னு சொன்ன?

— காக்கா இல்ல அத்தான்.

— பின்ன? எலியா?

— நான்தான்.

— நீயா? நீ என்ன?

— நான்தான் எடுத்துத் தின்னேன். நீங்க மத்தியானம் படுத்த பொறவு. ஒரு பிடி எடுப்பேன். தேங்காய்ச் சில்லு ஒண்ணைச் சேத்து வச்சு மெல்லுவேன்.

— சிவப்பாவா?

— சிவப்பாத்தான்.

— கழுவாமலா?

— மண்ணு போக ஒரு தண்ணி.

— ஆண்டவரே! அதான பார்த்தேன்! அதான பார்த்தேன்! கேட்டீரா வே? சிவப்புப் பாசி! பச்சையா, வேகாத பாசி! என் கணக்கு தப்பல! நாயகியம்மா, நீங்க நல்லா இருக்கணும்!

— சந்தோசப்படாதியும் வே, இங்கன எனக்கு உசுரு போகுது. ரத்தத்தோட தின்னிருக்கா! கழுவாம தின்னிருக்கா! வெள்ளிக்கிழமை நான் எந்த முகத்தோட... ஏளா, ஏன் இப்படிப் பண்ணின? கண்ணு தெரியாம எதுன்னு தெரியாம எடுத்துட்டியா? மசக்கையில சாம்பலைத் திங்குற மாதிரி வாய் கேட்டுச்சா?

— பொறும், பொறும். அழாதியும் பிள்ளைவாள். எனக்கு இப்பத்தான் ஒண்ணு தோணுது. நீரு வெயில்ல போட்டீருல்லா? போட்டப்ப என்ன ஆச்சு?

— வெளுத்துச்சு. எத்தனை தடவை சொல்ல?

— ரத்தக்கறை வெயில்ல வெளுக்குமா?

— என்ன?

— உம்ம வேட்டியில என்னைக்காவது காயம் பட்டு ரத்தம் ஒட்டியிருக்கும்லா? அதை வெயில்ல போட்டா என்ன ஆகும்?

— கறுக்கும்.

— கறுக்கும். காய்ஞ்சு, கறுத்து, கறையா நிக்கும். எந்த வண்ணானாலயும் எடுக்க முடியாது. செம்பருத்திப் பூவை வெயில்ல போட்டா?

— வெளுக்கும்...

— செந்தண்டுக்கீரை அவிச்ச தண்ணி எப்படி இருக்கும்?

— சிவப்பா... அட ஆமா வே!

— கீரைக்கு ரத்தமா? அது இலைச் சாயம் பிள்ளைவாள். தண்ணியில இறங்கும், வெயில்ல வெளுக்கும். உமக்கு நான் நிரூபிக்கணும்னு தலையை உடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீரு தொழுவத்துக் கூரையில அதைத் தினமும் நிரூபிச்சு வச்சிருக்கீரு!

— அப்ப ரத்தம் இல்ல?

— ஒரு சொட்டு இல்ல.

— மாமிசம் இல்ல?

— கீரை வே. கடல்கீரை. உம்ம தேசிகரையே கூட்டிட்டு வாரும், ஒரு பிடியை வெயில்ல போட்டுக் காட்டுதேன்.

— அப்பாடா! நெல்லையப்பா! காந்திமதித் தாயே! நெஞ்சுல இருந்த பாறாங்கல்லை இறக்கிட்டீரு வே, வேதமுத்து. வாரும், கையைக் குடும். வெள்ளிக்கிழமை நீரும் உம்ம வீட்டம்மாவும் வரணும். பந்தியில எம் பக்கத்துல உக்காரணும். எங்க அம்மா என்ன சொன்னாலும் சரி.

— வருதோம். போத்தலு மட்டும் கொண்டு வரமாட்டோம்.

— ஹா ஹா! வே, எனக்கு இப்பத்தான் விளங்குது. பாரும், என் மரமண்டைக்குத்தான் அது ரத்தம்னு தோணியிருக்கு. அவளுக்குத் தோணல. அவ உடம்புல ஓடுதது எத்தனை தலைமுறைச் சைவம்! அந்த நாக்கு தப்பானதைத் தொடுமா? செடின்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு நான் துரைகிட்டச் சொன்னது சும்மாவா? ‘செத்தாலும் தொடமாட்டா’ன்னு சொன்னேன்லா?

— சொன்னீரு.

— வெள்ளிக்கிழமை சனத்துக்கு முன்னால இதைச் சொல்லப் போறேன் பாரும். நான் சந்தேகப்பட்டேன், எம் பொண்டாட்டி சந்தேகப்படலைன்னு. ஏளா நாயகி, இங்க வந்து கதவடியில நின்னு வாத்தியாருகிட்ட உன் வாயாலயே ஒரு தடவை சொல்லு. கீரைன்னு தெரிஞ்சுதான தின்ன?

— அதைச் சொல்லணுமா அத்தான்?

— சொல்லு, என்ன கூச்சம்? நம்ம வேதமுத்துதான?

— துரை ஈரல் குடுங்கன்னு சொன்னது வண்டிக்குள்ள எனக்கும் கேட்டுச்சு அத்தான். நீங்க வேண்டாம்னு சொன்னதும் கேட்டுச்சு.

— அதான் நானும் சொல்லுதேன். கேட்டுச்சுல்லா? பின்ன, கீரைன்னு தெரிஞ்சுதான எடுத்த?

— இல்ல அத்தான். அன்னைக்குக் கிணத்தடியில நின்னு ‘ரத்தம் ரத்தம்’னு அலறினியள்லா, அதைக் கேட்ட பொறவுதான் போய் எடுத்தேன்.